வேலாயி பிடித்த அரை மணி நேரம்

வேலாயிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடையில் அரிசி வாங்கினால் வீட்டுக்கு வந்து படியால் மறுபடியும் அளந்து பார்ப்பாள். டிஸ்பென்சர் ஐயா இருமல் மருந்து கொடுத்தபோது, முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்று கேட்டவள் அவள். அவரும் பாவம், குடித்துக் காட்டினார். கோயிலில் பூசாரி திருநீறு தந்தால்கூட, பக்கத்தில் நிற்பவளுக்கு எவ்வளவு விழுந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் பூசிக்கொள்வாள்.

நுவரெலியா மலைப்பக்கம், டயகமவுக்கு மேலே இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் தேயிலைத் தோட்டம் அது. துரைமார் அதற்கு ஏதோ ஒரு சீமைப் பெயர் வைத்திருந்தார்கள். ஆட்கள் வாயில் அது மூங்கில் தோட்டம். அங்கே வேலாயி பிள்ளைக் காம்பரா ஆயா. காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பகல் பன்னிரண்டுக்கு ஃபெக்டரியில் சங்கு ஊதும். ஊதியதும் தாய்மார் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து பால் கொடுப்பார்கள். அந்தச் சங்கு ஊதும்வரை இருபது குழந்தைகளும் வேலாயியின் பாடு.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். நாற்பத்தேழில் அவள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். போட்டுவிட்டு வந்து, மை பட்ட விரலை லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் காட்டினாள். இரண்டே வருடத்தில், உனக்கு ஓட்டுமில்லை, நீ இந்த நாட்டு ஆளே இல்லை, வேண்டுமானால் தாத்தா இங்கே பிறந்ததற்குச் சான்றுத் துண்டு கொண்டுவா என்றார்கள். அவள் பிறந்தது அதே லயத்தின் மூன்றாம் காம்பராவில். புருஷன் அந்தத் துண்டைத் தேடி அலைந்து, தேடி முடிக்காமலே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவள் எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் காலுக்குக் கீழே இருந்ததை எவனோ நகர்த்திவிட்டான். அதற்குப் பிறகு எதையெல்லாம் எவனெவன் நகர்த்துகிறான் என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பின்னால் அவள் செய்ததற்குக் குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருடம் தை மாதம் செல்லசாமி என்ற வாலிபன் ஃபெக்டரிக்கு வேலைக்கு வந்தான். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுவதும், மணி பார்த்துச் சங்குக் கயிற்றை இழுப்பதும் அவன் வேலை. தாய் தகப்பன் இல்லாதவன். எப்போதும் சிரித்த முகம். வேலாயியின் ஒரே மகள் சண்முகவடிவு கொழுந்துக் கூடையோடு ஃபெக்டரிப் பாதையில் போய் வருகிறவள். அவளுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போனது தெரிந்து, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார்.

"பையன் தங்கமான பையன் அக்கா. குடி கெடையாது. எந்நேரமும் சிரிச்ச மொகம்."

"அதான் யோசனையா இருக்கு. காரணமில்லாம ஒருத்தன் ஏன் சிரிக்கிறான்?" என்றாள் வேலாயி.

"இப்ப என்னா சொல்றீங்க? ஆமாவா, இல்லையா?"

"ஒரு வருசம் போகட்டும். நாலு மாசம் நல்லவனா நடிக்க எவனாலயும் முடியும். ஒரு வருசம் முடியாது. நான் பாத்துக்கிறேன்."

சண்முகவடிவு அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். வேலாயி கண்டுகொள்ளவில்லை.

பார்க்கிறேன் என்றால் வேலாயி சும்மா பார்க்கிற ஆளில்லை. பிள்ளைக் காம்பராவின் முன்னால் ஒரு சிமெண்டுத் தரை உண்டு. அதன் நடுவே, குழந்தைத் துணி காயவைக்கும் கொடிக்காக நட்ட இரும்புக் குழாய் ஒன்று, ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றது. தரையின் தெற்கு விளிம்பிலிருந்து குழாயின் அடி வழியாக வடக்கே வாசற்படிவரை, மேசன் தரை போட்டபோது விட்ட இணைப்புக் கோடு நேராக ஓடியது. ஒரு நாள் காலையிலிருந்து காத்திருந்து பார்த்ததில், நிழல் சுருங்கிச் சுருங்கி மிகக் குட்டையாகும் நேரத்தில் சரியாக அந்தக் கோட்டின் மேல் விழுவதைக் கண்டுகொண்டாள். கோட்டில் நிழல் விழுந்தால் உச்சிப் பொழுது. கடிகாரத்தை மனிதன் திருப்பலாம், சூரியனை எவன் திருப்புவான்? செல்லசாமி எப்படிப்பட்டவன் என்பதைச் சூரியனை வைத்தே சோதித்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். பால் குடிக்கிற பிள்ளையின் நேரத்தில் கை வைக்காதவன் வேறெதிலும் கை வைக்க மாட்டான் என்பது அவள் எண்ணம்.

நிழலின் நுனி தெளிவாகத் தெரிய, குழாயின் தலையில் ஒரு பால் டின்னைக் கவிழ்த்தாள். கூரைத் தகரத்து ஒழுகலை அடைக்கத் தந்த தாரில் மிச்சம் இருந்தது. வெயில் அடிக்கிற நாளில் சங்கு ஊதியதும், நிழல் நுனியில் குச்சியால் ஒரு தார்ப் பொட்டு. பால் கொடுக்க வந்த பெண்கள் அதைக் குழந்தைகளுக்குக் கண்ணூறு கழிக்கிற பொட்டு என்று நினைத்து, கால் படாமல் தாண்டிப் போனார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் பொட்டு மாசி மாதம் விழுந்தது. கோட்டுக்கு மேற்கே முக்கால் சாண். அதாவது சங்கு ஊதி நல்ல நேரம் கழித்துத்தான் நிழல் கோட்டுக்கு வந்தது. உச்சிக்கு முன்னாலேயே தாய்மாரை விடுகிறானே, பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு. அந்த வாரம் செல்லசாமி எதிரே வந்து, "சாப்பிட்டீங்களா ஆயா?" என்றபோது பதிலும் சொன்னாள். சண்முகவடிவுக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

பங்குனி, சித்திரையில் நிழல் குட்டையாகிக் குழாயின் காலடிக்கே வந்து, பிறகு தெற்குப் பக்கம் நீள ஆரம்பித்தது. இதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பும், ஆடியில் தெற்கே திரும்பும் என்பது பொங்கல் பானை வைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நிழல் வடக்கே தெற்கே போவது சூரியன் பாடு. கிழக்கே மேற்கே போவது சங்கு இழுக்கிறவன் பாடு. இப்படிப் பிரித்துவைத்துக்கொண்டாள். படிக்காத ஒருத்தி தனக்குத்தானே கண்டுபிடித்த கணக்குக்கு இது மோசமில்லை என்றே சொல்வேன். பாதி சரி. மீதிப் பாதிதான் குடியைக் கெடுத்தது.

வைகாசியில் பொட்டு கோட்டை ரொம்பவும் நெருங்கிவிட்டது. அவளுக்கு மூக்கில் வியர்த்தது. அதற்குள் மழை இறங்கியது. ஆனியிலும் ஆடியிலும் டயகமப் பக்கத்தில் வெயிலைக் கண்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இரண்டு மாதத்தில் பத்துப் பொட்டுகூடத் தேறவில்லை. புரட்டாசி பிறந்து சில நாளில் பொட்டு கோட்டின் மேலேயே விழுந்தது. ஐப்பசியில் கோட்டைத் தாண்டிக் கிழக்கே நாலு விரல் போய்விட்டது. மாசியில் விழுந்த முதல் பொட்டும் இந்த ஐப்பசிப் பொட்டும் குழாயிலிருந்து ஒரே தூரம். அது கோட்டுக்கு அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். அப்போது உச்சிக்கு முன்னால் ஊதிய சங்கு இப்போது உச்சி சாய்ந்த பிறகு ஊதுகிறது. நிழல் அத்தனை தூரம் நகர எவ்வளவு நேரம் ஆகிறது என்று, பன்னிரண்டுச் சங்கையும் வேலைக்குத் திரும்ப ஒரு மணிக்கு ஊதும் சங்கையும் வைத்தே ஒரு நாள் நிதானித்தாள். அரை மணி நேரம்.

அதே ஐப்பசியில்தான் செல்லசாமிக்கு, ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்திருந்தார். குளிருக்குக் கொடுத்த கோட்டு. வேலாயிக்கு அது போதுமாக இருந்தது.

"சும்மா எவனாவது கோட்டுக் குடுப்பானா? தெனம் அரை மணி பிந்தி ஊதுறான். மலையில பொம்பளைங்க அரை மணி கூடக் கொழுந்து கிள்ளுறாங்க. அதுக்குத்தான் கோட்டு" என்றாள் மகளிடம்.

"அரை மணி பிந்துனா புள்ளைங்க பசியில அரை மணி முன்னாடியே கத்தணுமே அம்மா. கத்துதுகளா?"

வேலாயி ஒரு நிமிடம் யோசித்தாள். கத்தவில்லைதான். சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் சிணுங்க ஆரம்பிப்பது மாசியிலும் ஒன்றுதான், ஐப்பசியிலும் ஒன்றுதான்.

"அதுகளையும் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கிட்டான்" என்றாள்.

இப்படிக் கைக்குழந்தைகளைக்கூடச் சந்தேகப்பட்ட பிறகு அவளை யார் நிறுத்த முடியும்? மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நூறு ஆட்கள் கூடி நின்ற இடத்தில், வேலாயி நடுவே போய் நின்றாள். அப்போதுதான் எஞ்சின் வேலைக்கு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த செல்லசாமியை விரல் நீட்டிக் காட்டினாள்.

"இந்தா போறானே, இவன் பால் குடிக்கிற புள்ளைங்க நேரத்தத் திருடுறான். ஒங்க நேரத்தத் திருடுறான். என் காம்பரா வாசல்ல சாட்சி இருக்கு, வந்து பாருங்க!"

செல்லசாமி முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பே அவனுக்கு வினையாயிற்று.

"மணியப் பாத்துத்தான் ஆயா கயித்த இழுத்தேன்" என்றான், முகம் மாறி.

"மணிய யாரு திருப்புனா?"

இல்லாத ஒன்றுக்கு எங்கிருந்து பதில் வரும்? தலைவர் சோலைமலை போய்த் தார்ப் பொட்டுகளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். அவருக்கும் வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. அன்றைக்குப் பெண்கள் மலையேறவில்லை. டீமேக்கர் ஐயாவுக்கு விவகாரம் வளரக் கூடாது. கடிகாரத்தை விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஆளை மாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. செல்லசாமியை விறகுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, வீரய்யா என்ற வயதான ஆளைச் சங்குக்குப் போட்டார்.

தோட்டம் செல்லசாமிக்கு 'அரை மணிக் கள்ளன்' என்று பெயர் வைத்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவன் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் மூன்று வாரம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு காலையில் தகரப் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டான். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கரண்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், அங்கே போயிருக்கிறான் என்றார்கள். சண்முகவடிவு அழவில்லை, சண்டை போடவில்லை. அம்மாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சோறு போட்டுத் தருவாள், துணி துவைப்பாள், ஒரு வார்த்தை கிடையாது.

வேலாயி மட்டும் பொட்டு வைப்பதை விடவில்லை. செல்லசாமியைப் பிடித்தாயிற்று, இனி வீரய்யாவைப் பிடிக்க வேண்டுமே. பொட்டு சட்டென்று மாசி மாதத்துப் பக்கத்துக்குத் தாவும் என்று எதிர்பார்த்தாள். தாவவில்லை. வீரய்யா கையிலும் அது கிழக்கேயே விழுந்தது. "இவனுக்கும் கோட்டுத் தரப்போறாங்க" என்று முணுமுணுத்தாள். கார்த்திகையில் பொட்டு தானாகவே கோட்டை நோக்கித் திரும்பியது. மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பே கோட்டைத் தாண்டி மேற்கே போனது. வீரய்யாவுக்குக் கண் மங்கல். மணி பார்க்க இன்னொருவன் சொல்ல வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக நாளுக்கு ஒரு நூல் நகர்த்த அந்தக் கிழவனால் முடியுமா என்ற கேள்வி அவளுக்கு வந்தது.

மாசியில் ஒரு நாள் சங்கு ஊதியது. நிழல் நுனி போன வருடத்து முதல் பொட்டின் மேல், ஒரு மயிரிழை பிசகாமல் வந்து உட்கார்ந்தது. வேலாயி தார்க் குச்சியைப் பிடித்தபடியே நின்றாள். பால் கொடுக்க வந்தவர்கள் வந்து போய்விட்டார்கள். அவள் முதல் முறையாக வாசற்படியில் ஏறி நின்று எல்லாப் பொட்டுகளையும் ஒன்றாகப் பார்த்தாள். அது சாய்ந்து நீண்ட ஓர் எட்டு. வடக்கே பெரிய வளையம், தெற்கே சின்ன வளையம், குழாயின் காலடியில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டன. ஒரு வருடத்தில் இரண்டு பேர் கயிறு இழுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இப்படி ஒரு எட்டுப் போட முடியாது.

அந்த ஞாயிறே அக்கரப்பத்தனைக் கடைவீதிக்கு இறங்கினாள். அங்கே, ஆட்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அலியார் கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். ஃபெக்டரிக் கடிகாரத்துக்கு வருடத்துக்கு ஒரு தரம் எண்ணெய் போடுகிறவரும் அவர்தான்.

"நானா, ஃபெக்டரி மணியில ஏதும் திருகு இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

"நான் மறைக்க என்ன இருக்கு தங்கச்சி? ரேடியோவில மணி அடிக்கும்போது சேத்து வச்ச கடிகாரம். நிமிஷம் பிசகாது."

"அப்ப ஏன் மாசியில ஒரு நேரத்துல உச்சி வருது, ஐப்பசியில ஒரு நேரத்துல வருது?"

அலியார் கண்ணில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பள்ளிவாசல் தொழுகை நேர அட்டையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"நாங்க லுஹர் தொழுறது உச்சி சாஞ்ச உடனே. இது அந்த நேரம். பாருங்க, பெப்ரவரி நடுவில பன்னெண்டு இருபத்துநாலு. நவம்பர் தொடக்கத்தில பதினொண்ணு ஐம்பத்துநாலு. எத்தனை வித்தியாசம்?"

வேலாயிக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். விரல் மடக்கினாள். அரை மணி நேரம். அவள் வருடம் முழுக்கக் காவல் காத்துப் பிடித்த அதே அரை மணி நேரம், எண்ணெய்க் கறை படிந்த அட்டையில், எல்லோரும் பார்க்கிற சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை அச்சடிச்சது யாரு?" என்றாள். பழக்க தோஷம்.

அலியார் சிரித்துவிட்டார். "சூரியன் நம்மளைச் சுத்துதுன்னு நினைக்கிறீங்க. இல்ல. பூமிதான் தன்னைத்தானே பம்பரமாச் சுத்துது. ஒரு சுத்து ஒரு நாள். சுத்திக்கிட்டே சூரியனையும் வளைய வருது. அது ஒரு வருஷம்."

"நாம சுத்துறது நமக்குத் தெரியாதா?"

"றொசல்ல ஸ்டேஷன்ல நம்ம ரயில் நிக்கும்போது பக்கத்து ரயில் கிளம்புனா, எது ஓடுதுன்னு தெரியுதா? அது மாதிரிதான்."

வேலாயி அதை யோசித்தாள். அவளுக்கு ரயிலைவிட வேறொன்று நினைவு வந்தது. "கும்மியடிக்கிற மாதிரின்னு சொல்லுங்க. தன்னையும் சுத்திக்கிட்டு, வெளக்கையும் சுத்திக்கிட்டு."

"எனக்குக் கும்மி தெரியாது. ஆனா சரிதான் போலயிருக்கு."

அவள் எழுந்தாள். கடையின் நடுவே கிடந்த முக்காலியை விளக்காக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றும்போதே வட்டத்தில் ஓர் அடி நகர்ந்தும் வந்தாள். முழுச் சுற்று முடிந்தும் முக்காலி நேரே வரவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்தது.

"அந்தக் கொஞ்சம்தான் விஷயம்" என்றார் அலியார். "உச்சிக்கு உச்சி ஒரு நாள்ங்கிறதில அந்தக் கொஞ்சமும் சேர்ந்திருக்கு. பூமி போற பாதை சுத்தமான வட்டமில்ல. தை பிறக்கிறதுக்குச் சித்த முந்தி சூரியனுக்குக் கிட்ட வரும். கிட்ட வந்தா வேகமா ஓடும். நீங்க அடியை எட்டிப் போட்டா என்ன ஆகும்?"

"இன்னும் கூடத் திரும்பணும்."

"அவ்வளவுதான். அதோட பூமி நிமிந்து நின்னு சுத்தல்ல, ஒருக்களிச்சுச் சுத்துது. அந்தச் சாய்வும் தன் பங்குக்கு உச்சியை முன்ன பின்ன இழுக்கும். ரெண்டும் சேர்ந்துதான் இந்த அரை மணி. கடிகாரம் அதையெல்லாம் பாக்காது. வருஷத்துக்கும் சராசரி போட்டு ஒரே சீரா ஓடும். ஒங்க நிழல் தெற்கே வடக்கே போறதுக்கும் அந்தச் சாய்வுதான் காரணம். ஆனியில பூமியோட வடபாதி சூரியன் பக்கம் சாயும், மார்கழியில தென்பாதி. சீமையில வெயில் காலம், பனிக் காலம்னு சொல்றாங்களே, அதுவும் இதாலதான். நாம நடுப்பட்டையில இருக்கோம். நமக்குப் பகல் ஒரு மணி நேரம்கூடக் கூடிக் குறையாது."

வேலாயி விடவில்லை. "தை மாசத்துல சூரியனுக்குக் கிட்டப் போறோம்னீங்க. அப்பதானே நுவரெலியாவுல பனி கொட்டுது? பொய் சொல்றீங்க நானா."

"கிட்டங்கிறது நூத்துக்கு மூணு பங்குதான் தங்கச்சி. சூட்டைக் கூட்டுறதும் கொறைக்கிறதும் அந்தச் சாய்வுதான், தூரமில்ல."

பிறகு அவள் தரையில் விரலால் தன் எட்டை வரைந்து காட்டினாள். அலியார் வெகு நேரம் அதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் இப்படி ஒரு எட்டு அச்சடித்திருப்பதைப் பார்த்ததுண்டு, எதற்கென்று இன்றுதான் விளங்குகிறது என்றார். வேலாயிக்கு அந்தப் பாராட்டு காதில் விழவில்லை. பிள்ளைக் காம்பரா வாசலில் தான் போட்டு வைத்திருந்தது ஒரு நிரபராதியின் மேல் போட்ட பழி என்பது மட்டும் நெஞ்சில் அடைத்தது. செய்த தப்பு இப்படி எட்டுப் போட்டு எதிரே நிற்கும்போது, யாரைச் சந்தேகப்படுவது?

அடுத்த வாரம் இரண்டு பஸ் மாறி நோட்டன் பிரிட்ஜுக்குப் போனாள். செல்லசாமி ஒரு பம்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டு எழுந்திருக்கவில்லை. வேலாயி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். முக்காலி, கும்மி, சாய்ந்து சுற்றுகிற பூமி, அட்டையில் இருந்த அரை மணி. நீ ஒரு நிமிஷம்கூடப் பிந்தி ஊதவில்லை, தப்பு என்னுது என்றாள்.

செல்லசாமி பம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு வருசமா நெழல்கிட்ட கேட்டீங்க, தார்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாமே ஆயா?"

அவன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வடிவு மேல எனக்கு ஒண்ணும் மாறல்ல. ஆனா திருடன்ங்கிற பேரோட அவளக் கட்டிக்க மாட்டேன். நாளைக்கு எம் புள்ளையத்தான் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. பெரட்டுல நின்னு சொன்னீங்க. பெரட்டுலயே நின்னு இல்லைன்னு சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

பங்குனியில் ஒரு நாள் விடியற்காலம் அதே களத்தில், அதே நூறு பேருக்கு நடுவே வேலாயி போய் நின்றாள். செல்லசாமி ஓரத்தில் நின்றான். சண்முகவடிவு கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றாள். அவள் வாழ்க்கை இனி அம்மாவின் வாயில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள் வேலாயி. "சங்கு சரியாத்தான் ஊதுச்சு. பூமிதான் சாஞ்சு சுத்துது. அதுல உச்சி முன்ன பின்ன வருது. இந்தப் பையன் திருடல்ல."

பெண்கள் வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "பூமி சாஞ்சு சுத்துதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"அலியார் நானா சொன்னாரு."

"ஃபெக்டரி மணிக்கு எண்ணெ போடுறவர்தானே?"

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. "மருமகனாக்கிக்கப் போறா, அதான் பூமி சாயுது" என்றான் ஒருவன். "கோட்டு ஒனக்கும் குடுத்தாங்களா ஆயா?" என்றான் இன்னொருவன். வேலாயி பொட்டுகளைப் பற்றிச் சொன்னாள், எட்டைப் பற்றிச் சொன்னாள், பகலில் வந்து பாருங்கள் என்றாள்.

"தார எங்க வேணும்னாலும் வைக்கலாமே" என்றாள் முன்னால் நின்றவள்.

வீரய்யாக் கிழவர்கூட, "இப்ப இவன் திரும்பி வந்தா என் வேலை என்னாகிறது?" என்று முனகினார். தலைவர் சோலைமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லார் கண்ணிலும் இருந்த பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய பார்வை. உண்மையைச் சொல்லிக்கொண்டு அதன் முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்பதுதான் அவளுக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. இருந்தும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "சங்கு சரியாத்தான் ஊதுச்சு..." சிரிப்பு அதிகமாயிற்று. மூன்றாம் முறை ஆரம்பித்தபோது அந்தச் சிரிப்பில் அவள் குரல் கேட்கவில்லை.

செல்லசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் பக்கத்தில் நின்றான்.

"போதும் அத்தை. நான் கேட்டபடி பெரட்டுல நின்னு சொல்லிட்டீங்க. யாரு நம்பாட்டியும் போகட்டும். நான் நம்புறேன்."

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நூறு பேர் முன்னால் அழுதாள்.